உரிய கதிர்வீச்சு, உரிய நாளில்: நோயாளியின் உரிமையும் எங்கள் கடமையும்

கதிர்வீச்சுப் புற்றுநோய்ச் சிகிச்சைத் துறையிலிருந்து

எங்கள் துறைக்கு வரும் குடும்பத்தார் பலர் முதல் நாளிலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "கரண்ட் வைப்பது பழைய மெஷினிலா, புதிய மெஷினிலா?" நோயைப் பற்றிய அச்சம், செலவைப் பற்றிய கவலை, அண்டை அயலார் சொன்ன செய்திகள், நாளிதழில் பார்த்த விளம்பரம் ஆகிய அனைத்தும் இந்தக் கேள்விக்குள் கலந்திருக்கின்றன. கேள்வி நியாயமானதே. ஆனால் "புதியது", "பழையது" என்னும் ஒற்றைச் சொல்லில் அதற்கு விடை கூற இயலாது. எந்த நோய்க்கு எந்த முறை தேவை, அது எப்போது தொடங்க வேண்டும், எத்தனை நாளில் முடிய வேண்டும் என்பவை சேர்ந்தே விடையாகின்றன.

தேவையான நவீன சிகிச்சை பணமின்மையாலோ தொலைவாலோ ஒரு காகித மறுப்பாலோ ஒருவருக்குக் கிடைக்காமல் போவதை நாங்கள் ஏற்க முடியாது. தேவையற்ற விலையுயர்ந்த சிகிச்சைக்காக ஒரு குடும்பம் நிலத்தையும் நகையையும் இழப்பதையும் அவ்வாறே ஏற்க முடியாது. இவ்விரண்டையும் தடுக்க நோயாளியும் குடும்பத்தாரும் அறிந்திருக்க வேண்டியவற்றை இக்கட்டுரையில் தொகுத்துள்ளோம்.

கதிர்வீச்சு என்ன செய்கிறது?

பொதுமக்கள் "கரண்ட்" என்று அழைத்தாலும் இச்சிகிச்சையில் மின்சாரம் உடலுக்குள் பாய்வதில்லை. ஆற்றல் மிகுந்த எக்ஸ் கதிர்களோ காமாக் கதிர்களோ புற்றணுக்களின் மரபுப் பொருளைச் சேதப்படுத்துகின்றன. சேதமடைந்த அணுக்கள் பெருகும் திறனை இழந்து மடிகின்றன. அருகிலுள்ள நல்ல அணுக்களும் ஓரளவு பாதிக்கப்படும். எனினும் அவற்றுக்குத் தம்மைச் சீர்செய்துகொள்ளும் திறன் மிகுதி. இந்த வேறுபாட்டைப் பயன்படுத்திக்கொள்ளவே மொத்தக் கதிர் அளவைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து நாள்தோறும் அளிக்கிறோம்.

புற்றுநோயாளிகளுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நோயின் ஏதேனும் ஒரு கட்டத்தில் கதிர்வீச்சு தேவைப்படுகிறது. குரல்வளை, கருப்பை வாய் போன்ற இடங்களில் அறுவையின்றியே நோயைக் குணப்படுத்தும் ஆற்றல் அதற்கு உண்டு. மார்பகப் புற்றுநோயில் அறுவைக்குப் பின் நோய் திரும்புவதைக் குறைக்கிறது. எலும்புக்குப் பரவிய நோயில் வலியைத் தணிக்கிறது.

தமிழ்நாட்டில் இதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டது. 1950-களின் பிற்பகுதியில் அங்கே நிறுவப்பட்ட கோபால்ட்-60 கருவி ஆசியாவில் முதலில் அமைந்த கருவிகளுள் ஒன்று. இன்று பெரிய நகரங்களின் தனியார் மருத்துவமனைகளில் மட்டுமன்றி மதுரை, கோவை, தஞ்சாவூர், திருநெல்வேலி போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனைகளிலும் லினாக் எனப்படும் நேரியல் முடுக்கிகள் இயங்குகின்றன.

கருவிகளும் முறைகளும்

கோபால்ட் கருவியில் கதிர்வீச்சு ஒரு தனிமத்திலிருந்து இயல்பாக வெளிப்படுகிறது. அத்தனிமத்தின் வலிமை ஏறத்தாழ 5.3 ஆண்டுகளில் பாதியாகக் குறைந்துவிடும். லினாக் கருவி மின்னணுக்களை முடுக்கி, ஓர் உலோக இலக்கில் மோதச் செய்து எக்ஸ் கதிர்களை உருவாக்குகிறது. மின்சாரத்தை நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும். லினாக்கின் கதிர் உடலின் ஆழத்துக்குச் செல்லக்கூடியது, அதன் விளிம்பும் கூர்மையானது.

கருவி ஒன்று, அதனைப் பயன்படுத்தும் முறை வேறொன்று. ஒரே லினாக் கருவியில் பல முறைகளில் சிகிச்சை அளிக்கலாம். சி.டி. படத்தைக் கொண்டு கட்டியின் முப்பரிமாண வடிவை வரைந்து அதற்கேற்பக் கதிரைச் செலுத்துவது 3டி முறை. கதிரின் பாதையில் மெல்லிய உலோகத் தகடுகளை நகர்த்தி, கட்டியின் மீது செறிவாகவும் அருகிலுள்ள உறுப்பின் மீது குறைவாகவும் கதிர் விழுமாறு செய்வது ஐ.எம்.ஆர்.டி. முறை. சிகிச்சைக்குச் சற்று முன்னர் மேசையிலேயே படமெடுத்து நிலையைச் சரிபார்ப்பது ஐ.ஜி.ஆர்.டி. முறை. சிறிய கட்டிகளுக்கு மிகுந்த துல்லியத்துடன், கூடிய அளவிலான கதிரை ஒன்று முதல் ஐந்து அமர்வுகளில் அளிப்பது ஸ்டீரியோடாக்டிக் முறை.

இவை ஒவ்வொன்றுக்கும் கருவி நிறுவனங்கள் வெவ்வேறு வணிகப் பெயர்களைச் சூட்டியிருக்கின்றன. விளம்பரத்தில் காணும் பெயரைக் கண்டு மயங்கவோ மருளவோ வேண்டியதில்லை. "இது எந்த முறையைச் சேர்ந்தது?" என்று கேட்டால் போதும்.

நவீன முறை எங்கே உண்மையான வேறுபாட்டைத் தருகிறது?

தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்களை முதலில் கூற வேண்டும். அங்கே உமிழ்நீர்ச் சுரப்பிகள், தாடையெலும்பு, விழுங்கும் தசைகள், தண்டுவடம் ஆகியவை கட்டியை ஒட்டியே அமைந்துள்ளன. பிரிட்டனில் நடத்தப்பட்டு 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், பழைய முறையில் சிகிச்சை பெற்றவர்களுள் 74 விழுக்காட்டினருக்கு ஓராண்டுக்குப் பின்னும் குறிப்பிடத்தக்க வாய் உலர்வு இருந்தது. ஐ.எம்.ஆர்.டி. பெற்றவர்களுள் அது 38 விழுக்காடாக இருந்தது. வாய் உலர்வு என்பது சிறு தொல்லை அன்று. உமிழ்நீர் வற்றினால் சோற்றை நீரின்றி விழுங்க முடியாது, பற்கள் சிதையும், இரவில் உறக்கம் கலையும், பேசும்போது நா ஒட்டும். நோய் குணமான பின்னரும் வாழ்நாள் முழுதும் தொடரக்கூடிய துன்பம் இது.

அடுத்தது இடுப்புப் பகுதி. மும்பை டாடா நினைவு மையத்தினர் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட 300 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2021-இல் வெளியாயிற்று. 3டி முறையில் சிகிச்சை பெற்றவர்களுள் 42.4 விழுக்காட்டினருக்கு மூன்றாண்டுகளுக்குள் மிதமான அல்லது கடுமையான குடல் பாதிப்பு ஏற்பட்டது. படவழிகாட்டுதலுடன் ஐ.எம்.ஆர்.டி. பெற்றவர்களிடம் அது 21.1 விழுக்காடாக, ஏறத்தாழப் பாதியாக இருந்தது. நோய்க் கட்டுப்பாட்டில் இரு முறைகளுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. நம் நாட்டில், நம் நோயாளிகளிடமே கிடைத்த சான்று என்பதால் இதனை நாங்கள் மிகவும் மதிக்கிறோம். நவீன முறை ஆடம்பரம் என்று வாதிடுவோருக்கு இதனையே மறுமொழியாகக் கூறுகிறோம்.

மூளையின் அடிப்பகுதி, தண்டுவடத்தை அடுத்த இடங்கள், முன்னர்க் கதிர்வீச்சு பெற்ற இடத்தில் மீண்டும் சிகிச்சை தேவைப்படும் நிலை ஆகியவற்றிலும் துல்லியமான முறைகள் இன்றியமையாதவை. அறுவை செய்ய இயலாத தொடக்கநிலை நுரையீரல் கட்டிக்கு ஸ்டீரியோடாக்டிக் முறை நல்ல பலன் தருகிறது.

எங்கே எளிய முறையே போதும்?

எலும்புக்குப் பரவிய நோயின் வலியைத் தணிக்கப் பெரும்பாலும் ஒரே ஒரு அமர்வில் 8 கிரே அளவு கதிர் அளித்தால் போதும். பத்து நாள் சிகிச்சைக்கு இணையான வலி நிவாரணம் அதில் கிடைக்கிறது. பின்னர் மீண்டும் ஒருமுறை தேவைப்படும் வாய்ப்பு மட்டும் சற்றுக் கூடுதல். இதற்குக் கோபால்ட் கருவியும் ஏற்றதே. பாபா அணு ஆராய்ச்சி மையம் உள்நாட்டிலேயே உருவாக்கிய பாபாட்ரான் கருவியும் இவ்வகையைச் சேர்ந்தது. முறையாகப் பராமரிக்கப்படும் கோபால்ட் கருவியை "பழையது" என்று இகழ வேண்டியதில்லை.

புரோட்டான் சிகிச்சை குறித்து இப்போது அடிக்கடி கேட்கிறார்கள். புரோட்டான் துகள் உடலுக்குள் குறிப்பிட்ட ஆழத்தில் தன் ஆற்றலை இறக்கிவிட்டு நின்றுவிடும். கட்டிக்கு அப்பாலுள்ள உறுப்புக்குக் கதிர் செல்வது மிகக் குறைவு. சென்னையில் ஒரு தனியார் மையத்தில் 2019-இலும், நவி மும்பையில் டாடா நினைவு மையத்தைச் சேர்ந்த நிறுவனத்தில் 2023-இலும் இச்சிகிச்சை தொடங்கப்பட்டது. குழந்தைகளின் மூளை, தண்டுவடக் கட்டிகளுக்கும், மண்டையோட்டின் அடிப்பகுதியில் தோன்றும் சில அரிய கட்டிகளுக்கும் இதனை நாங்கள் பரிந்துரைக்கிறோம். வளரும் குழந்தையின் உடலில் தேவையற்ற இடத்தில் விழும் ஒவ்வொரு கிரேயும் பின்னாளில் வளர்ச்சிக் குறைபாடாகவோ, இரண்டாவது புற்றுநோயாகவோ வெளிப்படக்கூடும்.

ஆனால் எல்லா நோய்க்கும் புரோட்டான் மேலானது என்று கூற இயலாது. புராஸ்டேட் புற்றுநோயில் புரோட்டானையும் ஐ.எம்.ஆர்.டி.யையும் நேரடியாக ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வின் முடிவு 2024-இல் அறிவிக்கப்பட்டது. குடல் செயல்பாட்டிலும் நோய்க் கட்டுப்பாட்டிலும் இரண்டுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. எனவே புராஸ்டேட் புற்றுநோய்க்குப் புரோட்டான் பெற வேண்டும் என்று எண்ணி வீட்டை அடகு வைக்க முற்படும் குடும்பத்தாரிடம், "வேண்டாம், ஐ.எம்.ஆர்.டி.யே போதும்" என்று எடுத்துரைப்பதும் நோயாளிக்காக வாதிடுவதேயாகும்.

பலர் அறியாத ஒரு சிகிச்சை

விளம்பரங்களில் இடம்பெறாத, ஆனால் உயிர் காக்கும் முறை ஒன்று உண்டு. அது பிராக்கிதெரபி எனப்படும் உள்வைப்புக் கதிர்வீச்சு. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வெளியிலிருந்து கதிர் அளித்த பின், கருப்பைக்குள் மெல்லிய குழாய்களைப் பொருத்தி, இரிடியம் போன்ற கதிரியக்கப் பொருளைக் கட்டியின் அருகிலேயே சில நிமிடங்கள் நிறுத்தி எடுக்கிறோம். இத்தனை அருகில் இத்தனை செறிவான கதிரை வேறு எந்த நவீன முறையாலும் இதே பாதுகாப்புடன் அளிக்க இயலாது. இதனைத் தவிர்த்தால் குணமாகும் வாய்ப்பு வெகுவாகக் குறையும்.

ஆயினும் ஐந்து வாரம் வெளிக்கதிர் முடிந்ததும் இரத்தப்போக்கு நின்றுவிடுவதால், "நோய் போய்விட்டது" என்று எண்ணி ஊர் திரும்பிவிடும் பெண்கள் உள்ளனர். நடவு வேலை, பேரக்குழந்தை, வீட்டில் சமைக்க ஆளில்லை என்று காரணம் பலவாக இருக்கும். உள்வைப்பு பற்றிய கூச்சமும் அச்சமும் சிலரைத் தடுக்கின்றன. உங்கள் தாயோ மனைவியோ சகோதரியோ இச்சிகிச்சையில் இருந்தால், வெளிக்கதிர் பாதிப் பயணமே என்பதை அவருக்கு நினைவூட்டுங்கள். வலி தெரியாதவாறு மயக்க மருந்தளித்தே உள்வைப்பு செய்யப்படுகிறது. வெளிக்கதிர் தொடங்கிய நாள்முதல் எட்டு வாரங்களுக்குள் அனைத்தும் முடிந்தாக வேண்டும்.

நாட்களைக் காப்பதும் சிகிச்சையே

எட்டு வாரம் என்று வரையறுப்பதற்குக் காரணம் உண்டு. சிகிச்சை நீளுமானால் எஞ்சியிருக்கும் புற்றணுக்கள் விரைந்து பெருகத் தொடங்கும். கருப்பை வாய்ப் புற்றுநோயில் உரிய காலத்தைக் கடந்து தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் நோய்க் கட்டுப்பாடு ஏறத்தாழ 1 விழுக்காடு குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. தலை, கழுத்துப் புற்றுநோயிலும் இதே நிலைதான். பண்டிகைக்கு ஊருக்குச் சென்று ஒரு வாரம் கழித்துத் திரும்புவது எத்தகைய இழப்பு என்பதை இதிலிருந்து உணரலாம். ஆகவே மிக நவீனமான கருவியில் இடைவிட்டுப் பெறும் சிகிச்சையைக் காட்டிலும், சற்று எளிய கருவியில் இடைவிடாது பெறும் சிகிச்சை பல வேளைகளில் மேலானது.

நாட்களைக் குறைக்கும் வழிகளும் வந்துள்ளன. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைக்குப் பின் ஐந்து வாரம் அளித்துவந்த சிகிச்சையை மூன்று வாரங்களில், 15 அமர்வுகளில் முடிக்கலாம் என்பது பல ஆண்டுகளுக்கு முன்னரே உறுதியாயிற்று. தகுதியான தொடக்கநிலை நோயாளிகளுக்கு ஒரே வாரத்தில், 5 அமர்வுகளில் முடித்தாலும் பலன் குறைவதில்லை என்று 2020-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. கள்ளக்குறிச்சியிலிருந்தோ இராமநாதபுரத்திலிருந்தோ வரும் ஒரு பெண்ணுக்கு இது எவ்வளவு பேருந்துக் கட்டணத்தை, எத்தனை நாள் கூலியை, எத்தனை இரவுகள் விடுதி வாடகையை மிச்சப்படுத்துகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். ஒருவர் விரைவில் முடித்தால் வரிசையில் அடுத்தவருக்கு இடம் கிடைக்கிறது. "எனக்குக் குறுகிய காலச் சிகிச்சை பொருந்துமா?" என்று கேட்க ஒருபோதும் தயங்க வேண்டாம்.

தடைகள் எங்கே இருக்கின்றன?

பத்து லட்சம் மக்களுக்கு ஒரு கருவியாவது வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல். இந்தியா அதனை இன்னும் எட்டவில்லை. இருக்கும் கருவிகளும் பெருநகரங்களிலேயே செறிந்துள்ளன. கருவி மட்டும் போதாது. திட்டமிட மருத்துவ இயற்பியலாளர் வேண்டும், இயக்கப் பயிற்சி பெற்ற தொழில்நுட்பர் வேண்டும், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் கோடிக்கணக்கான ரூபாய் கருவி பூட்டிய அறைக்குள் உறங்கும்.

மற்றொரு தடை காகிதத்தில் இருக்கிறது. அண்மையில் எங்களிடம் வந்த ஒருவரின் நிலையை, அடையாளம் வெளிப்படாதவாறு இங்கே குறிப்பிடுகிறோம். அவர் பள்ளி ஆசிரியை. மூக்கின் பின்புறத் தொண்டையில் புற்றுநோய். மூளைத்தண்டும் பார்வை நரம்பும் அருகிலிருந்ததால் ஐ.எம்.ஆர்.டி. அன்றி வேறு வழியில்லை என்று நாங்கள் முடிவு செய்தோம். அவருடைய காப்பீட்டு நிறுவனம் "வழக்கமான கதிர்வீச்சுக்கான தொகை மட்டுமே அளிக்க இயலும்" என்று எழுதியது. அவர் கணவர், "மீதியை எப்படியாவது புரட்டிவிடுகிறேன், இரண்டு வாரம் பொறுங்கள்" என்றார். பொறுக்கும் நிலையில் நோய் இல்லை.

நாங்கள் இரு திட்டங்களையும் கணினியில் வரைந்தோம். பழைய முறையில் இரு உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கும் செல்லும் சராசரி அளவு 50 கிரேயைத் தாண்டியது. ஐ.எம்.ஆர்.டி.யில் அதனைப் பாதுகாப்பு எல்லையான 26 கிரேக்குள் நிறுத்த முடிந்தது. இரண்டு படங்களையும் இணைத்து, நோயின் நிலை, தண்டுவடத்தின் தாங்கும் அளவு, தாமதத்தின் விளைவு ஆகியவற்றை இரண்டு பக்கங்களில் எழுதி அனுப்பினோம். ஆறாவது வேலை நாளில் முழு ஒப்புதல் வந்தது. சிகிச்சை 35 அமர்வுகளில் இடைவெளியின்றி முடிந்தது. அவர் இப்போது மீண்டும் வகுப்பெடுக்கிறார். மேசையில் ஒரு தண்ணீர்ப் புட்டி எப்போதும் இருக்கிறது. ஆனால் ஒரு பாடவேளை முழுதும் பேச முடிகிறது.

முதல் மறுப்பே இறுதி முடிவன்று என்பதை இந்நிகழ்விலிருந்து அறியலாம்.

காப்பீட்டில் உங்கள் உரிமைகள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்கள் சேரலாம். இது மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைந்து செயல்படுகிறது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. குடும்ப அட்டை, ஆதார், கிராம நிர்வாக அலுவலர் வழியே பெறும் வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்தை அணுக வேண்டும். கதிர்வீச்சின் பல முறைகளும் இத்திட்டத்தில் தனித்தனித் தொகுப்புகளாக இடம்பெற்றுள்ளன. எனவே எந்தத் தொகுப்பின்கீழ் ஒப்புதல் கேட்கப்படுகிறது என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் தெரிந்துகொள்ளுங்கள்.

தனியார் காப்பீடு வைத்திருப்போர் சிலவற்றை அறிந்திருத்தல் நலம். ஸ்டீரியோடாக்டிக் கதிர் அறுவை உள்ளிட்ட நவீன சிகிச்சைகளைக் காப்பீட்டிலிருந்து விலக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் நெறிமுறை வகுத்தது. ஆயினும் நிறுவனங்கள் அதற்கு உச்சவரம்பு விதிக்கலாம். உங்கள் ஒப்பந்தத்தில் அவ்வரம்பு எவ்வளவு என்று பாருங்கள். கதிர்வீச்சு பெரும்பாலும் பகல்நேரச் சிகிச்சை. 24 மணிநேரம் உள்நோயாளியாகத் தங்கவில்லை என்னும் காரணம் காட்டினால், ஒப்பந்தத்திலுள்ள பகல்நேரச் சிகிச்சைப் பட்டியலைச் சுட்டிக்காட்டலாம். கோரிக்கையை மறுக்கும் நிறுவனம், ஒப்பந்தத்தின் எந்த விதியின்கீழ் மறுக்கிறது என்பதைத் தெரிவித்தாக வேண்டும் என்று 2024-இல் ஆணையம் வெளியிட்ட சுற்றறிக்கை கூறுகிறது.

மறுப்பு வந்தால் அதனை எழுத்தில் பெறுங்கள். அந்தத் தாளை உடனே எங்களிடம் கொண்டுவாருங்கள். மருத்துவக் காரணங்களை விளக்கும் கடிதம் தருவது எங்கள் கடமை. அதனை நீங்கள் இரந்து பெற வேண்டியதில்லை. நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு முறையிட்டு 30 நாட்களுக்குள் நிறைவான விடை கிடைக்காவிட்டால், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். இம்முறையீடு நடந்துகொண்டிருக்கும்போது சிகிச்சை காத்திருக்கக் கூடாது. தொடங்குவதற்கான மாற்று வழியை எங்கள் சமூகப் பணியாளருடன் அமர்ந்து பேசுங்கள்.

சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் இரயில்வே கட்டணச் சலுகை அளிக்கிறது. படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பிலும் நோயாளிக்கு முழுச் சலுகை உண்டு. அதற்கான சான்றிதழ் படிவத்தில் கையொப்பமிட ஒரு நிமிடமே ஆகும். கேளுங்கள், தருகிறோம்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

முதல் ஆலோசனைக்கு வரும்போது இக்கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். குடும்பத்தில் ஒருவர் விடைகளைக் குறித்துக்கொள்ளட்டும்.

1. இச்சிகிச்சையின் நோக்கம் நோயைக் குணப்படுத்துவதா, வலியையும் தொல்லையையும் தணிப்பதா?
2. எனக்குப் பரிந்துரைக்கும் முறை எது? அதைவிட எளிய முறையில் செய்தால் எனக்கு என்ன இழப்பு? அதைவிட விலை கூடிய முறையில் செய்தால் என்ன கூடுதல் பயன்?
3. எத்தனை அமர்வுகள்? இதைவிடக் குறைந்த நாட்களில் முடிக்கும் முறை எனக்குப் பொருந்துமா?
4. எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிய வேண்டும்? இடையில் கருவி பழுதானால் ஏற்பாடு என்ன?
5. இங்கே இல்லாத சிகிச்சை எனக்குத் தேவைப்பட்டால் எங்கே அனுப்புவீர்கள்?
6. முன்னதாக நான் செய்ய வேண்டியவை யாவை? (கழுத்துப் பகுதிச் சிகிச்சை எனில் பல் மருத்துவரைப் பார்ப்பதும், புகையிலையை அறவே நிறுத்துவதும் இதில் அடங்கும்.)

வேறொரு மருத்துவரின் கருத்தையும் அறிய விரும்பினால் தயங்காமல் கூறுங்கள். அது உங்கள் உரிமை. எங்களுக்கு அதனால் மனவருத்தம் எதுவும் இல்லை. கேட்ட 72 மணிநேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களை அளிக்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நெறிமுறைகள் கூறுகின்றன. சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களின் வட்டையும் திசு ஆய்வு அறிக்கையையும் எப்போதும் உங்கள் கையில் வைத்திருங்கள். நாளை வேறு மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தால், முன்னர் எந்த இடத்தில் எவ்வளவு கதிர் அளிக்கப்பட்டது என்னும் குறிப்பு மிக இன்றியமையாதது.

நாங்கள் கோருபவை

அரசிடமும் காப்பீட்டு நிறுவனங்களிடமும் மருத்துவ சமூகத்திடமும் நாங்கள் வலியுறுத்துபவை சில. முதலாவதாக, சான்றுகள் தெளிவாக உள்ள நோய்களுக்கு, குறிப்பாகத் தலை, கழுத்து மற்றும் இடுப்புப் பகுதிக்கு, ஐ.எம்.ஆர்.டி.யைச் சிறப்புச் சலுகையாகக் கருதாமல் இயல்பான சிகிச்சையாகவே ஏற்க வேண்டும். இரண்டாவதாக, புற்றுநோய்ச் சிகிச்சைக்கான முன் ஒப்புதல் சில நாட்களுக்குள் கிடைக்க வேண்டும், மறுப்பை ஆராய்பவர்களுள் ஒரு கதிர்வீச்சுச் சிகிச்சை மருத்துவரும் இருக்க வேண்டும். மூன்றாவதாக, புதிய கருவி வாங்கும்போதே அதனை இயக்கும் பணியிடங்களும் பராமரிப்பு ஒப்பந்தமும் உறுதி செய்யப்பட வேண்டும். நான்காவதாக, கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சையளிக்கும் ஒவ்வொரு மையத்துக்கும் உள்வைப்பு வசதி எட்டும் தொலைவில் இருக்க வேண்டும். ஐந்தாவதாக, ஆறு வாரம் வெளியூரில் தங்கிச் சிகிச்சை பெறும் ஏழை நோயாளிக்குத் தங்குமிடமும் உணவும் சிகிச்சைச் செலவின் ஒரு பகுதியாகவே எண்ணப்பட வேண்டும். கருவியைக் கொடுத்துவிட்டுப் படுக்க இடம் கொடுக்காமல் விட்டால், நோயாளி மூன்றாம் வாரத்தில் ஊருக்குத் திரும்பிவிடுவார்.

இவற்றுள் சில நம் கையில் இல்லை. நம் கையில் உள்ளவற்றை இன்றே செய்யலாம். எங்கள் துறையின் முகப்பில் சமூகப் பணியாளரின் மேசை இருக்கிறது. பயணச் சலுகைப் படிவம், காப்பீட்டு மறுப்புக்கான கடிதம், தங்குமிடம் பற்றிய தகவல், ஒரு நாள் வர இயலாவிட்டால் சொல்ல வேண்டிய செய்தி என எதுவாயினும் அங்கே சொல்லுங்கள். பணமில்லை என்று யாரிடமும் சொல்லாமல் சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். நின்ற பின் தெரிந்தால் எங்களால் செய்யக்கூடியது குறைவு. நிற்பதற்கு முந்தைய நாள் தெரிந்தாலும் ஏதேனும் ஒரு வழி காண முயல்வோம்.